ஆடிக்கு முந்திய குடிபூரல்

சேயோன் ஜேர்மனியில் பிறந்து வளர்ந்தவன், கணினி வேலைக்காரன். ஆனால் நாள் நட்சத்திரம் பார்ப்பதில் யாழ்ப்பாணத்துக் குருக்கள்மாரே அவனிடம் பிச்சை வாங்க வேண்டும். பஞ்சாங்கம் அவன் கைபேசியிலேயே இருந்தது.

அவன் மனைவி வேணுஜா கொழும்பில் படித்த தொழில்வழிச் சிகிச்சையாளர். நோயால் முடங்கியவர்களை அன்றாட வேலைகளுக்குத் திரும்பப் பழக்குகிறவள். அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் கேட்டு, அவர்கள் இருந்த பான் நகரில் மூன்று வருடம் அலைந்தாள். அதுவரை முதியோர் இல்லத்தில் வெறும் உதவியாள். கடைசியில், ஓகஸ்ட் ஆறாம் திகதி தேர்வு என்று மாநில அலுவலகம் எழுதியது. அதில் தேறினால் நாடு முழுக்கத் தன் தொழிலைச் செய்யலாம்.

அந்த நேரம் பார்த்துச் சேயோனுக்கு வேறு மாநிலத்தில், கார்ல்ஸ்ரூஹேயில், வேலை கிடைத்தது. செப்டெம்பரில்தான் தொடக்கம். ஆனால் ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும், ஆடியில் வீடு மாறக்கூடாதாம். ஆவணியில் போகலாமே என்று வேணுஜா கெஞ்சினாள். ஆவணியில் தன் நட்சத்திரத்துக்கு நாள் சரியில்லை என்றான். ஆனி கடைசி வெள்ளியில் கார்ல்ஸ்ரூஹேயின் புது வீட்டில் குடிபூரல். பால் பொங்கிய கையோடு நகரசபைக்கு ஓடி, இரண்டு பேரின் முகவரியையும் மாற்றிப் பதிந்துவிட்டு வந்தான். தன்னை மட்டும் பதிந்திருந்தாலும் அவள் தப்பியிருப்பாள். புருசன் ஒரு வீடு, பெண்சாதி ஒரு வீடு என்று பத்திரத்தில் கிடந்தால் அதுவும் சகுனப்பிழையாம்.

பதிவு மாறியதைக் கண்டு, இரண்டு கிழமையில் பழைய மாநில அலுவலகத்தின் கடிதம் வந்தது. அவள் இப்போது அந்த மாநிலத்தவள் இல்லை, கோப்பு மூடப்பட்டது, தேர்வும் இரத்து. புது மாநிலத்து அதிகாரி நல்ல மனிதர், மன்னிப்புக் கேட்டபடியே புதிய படிவத்தை நீட்டினார். பழைய கோப்பு இங்கே செல்லாதாம், எல்லாம் முதலிலிருந்து. ஒரே நாடு, ஒரே சட்டம், ஆனாலும் இரண்டு அலுவலகமும் ஒன்றின் முகத்தில் ஒன்று முழிப்பதில்லை. குறைந்தது இன்னும் இரண்டு வருடம்.

சாமி விட்ட வழி என்றான் சேயோன்.

"சாமியில்லை, நீங்கள். முகவரி மாறினால் உடனை அறிவிக்கச் சொல்லி அந்தத் தேர்வுக் கடிதத்திலை கிடந்தது. வாசிச்சனீங்கள்தானே?"

"ஓம். மூண்டு நாலு கிழமைக்குள்ளை ஆர் கவனிக்கப்போகினம் எண்டு நினைச்சன்."

அவள் அவனை வெறுத்தாள். அதன் பிறகும் அந்த வெறுப்பு முழுதாகப் போகவில்லை.

ஓகஸ்ட் ஆறாம் திகதி, தேர்வு நடந்திருக்க வேண்டிய நேரத்தில், கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு முதியோர் இல்லத்தில், பக்கவாதம் வந்த கிழவர் ஒருவருக்கு அவள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கிழவர் தானே கரண்டியைப் பிடிக்கத் தடுமாறினார். அந்தக் கையைப் பழக்க அவளுக்கு மூன்று மாதம் போதும். அது உன் வேலையில்லை என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். அவருடைய விரல்களை மெதுவாக விலக்கிவிட்டு, அடுத்த கரண்டியை வாயில் வைத்தாள்.