நாலு நூல்

மேனேஜர் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் மரியான் உட்காருவதும் எழுவதுமாக இருந்தான். இரண்டு கைகளிலும் முழங்கை வரை துணிக்கட்டு. புருவம் இருந்த இடத்தில் பொசுங்கிய தடம். மில் சங்கு ஊதியதிலிருந்து காத்திருக்கிறான். பாய்லர் வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று இன்றைக்குச் சொல்லிவிடுவார்கள்.

"கொஞ்சம் உக்காருங்களேன். கட்டு அவுந்துரப் போவுது," என்றாள் மெட்டில்டா. தையல் மிஷினிலிருந்து அப்படியே எழுந்து புருஷனோடு வந்தவள். டேப் இன்னும் கழுத்தில் தொங்கியது.

"ஏளா, உக்காந்தாலும் எரியத்தான் செய்யுது."

பாய்லர் பக்கத்துச் சுவரில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. வளைந்து இரண்டு காலாக நிற்கும். உள்ளே பச்சைச் சாயம் கலந்த தண்ணீர். புகைபோக்கி காற்றை எவ்வளவு இழுக்கிறதோ அந்த அளவுக்கு ஒரு காலில் தண்ணீர் ஏறும். பின்னாலிருந்த பித்தளை அளவுகோலில் இஞ்சும் நூலும் வெட்டியிருந்தது. இஞ்சுக்கு எட்டு நூல். ஆசாரிக்கும் கொத்தனுக்கும் தோணி கட்டுகிறவனுக்கும் அதுதான் கணக்கு. மரியானுக்கும் அதுதான். தண்ணீர் நாலு நூலில் நின்றால் அடுப்பு சொன்னபடி கேட்கும்.

ஒருநாள் காலையில் அவன் வேலைக்கு வந்தபோது பித்தளையைக் காணவில்லை. அந்த இடத்தில் வெள்ளைத் தகடு ஒன்று இருந்தது. சர்க்கார் மெட்ரிக்குக்கு மாறச் சொல்லிவிட்டதாம். தகடு முழுக்க எறும்பு வரிசை மாதிரி பொடிப்பொடிக் கோடுகள். மாட்டினவர்கள் மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இது இன்னது என்று ஒரு மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அண்ணாச்சி, இதுல எங்கன நிறுத்தணும்?" என்று போர்மேன் சுடலைமாடனிடம் கத்திக் கேட்டான். பாய்லர் இரைச்சலில் காது அடைத்தது.

"எப்பவும் போலத்தாம்லே. நாலு நூலு!"

மரியான் காதில் விழுந்தது நாலு, நாலு. தகட்டில் நாலு என்ற எண் ரொம்பக் கீழே இருந்தது. தண்ணீர் பதிமூன்றில் நின்றது. சங்கிலியை இழுத்துப் புகைபோக்கி வழியை அடைத்து அடைத்துத் தண்ணீரை நாலுக்கு இறக்கினான். புகை அறைக்குள் திரும்பியது.

"மூச்சு முட்டுது, அண்ணாச்சி!"

"புது அளவு அப்படித்தாம்லே இருக்கும். சொன்னதச் செய்யி."

நிலக்கரி போட அடுப்புக் கதவைத் திறந்தான். உள்ளே இருக்க வேண்டிய தீ வெளியே வந்தது.

இதையெல்லாம் மெட்டில்டா பலமுறை கேட்டுவிட்டாள். இன்றைக்கு என்னவோ தோன்றி, கழுத்திலிருந்த டேப்பை உருவினாள். துணிக்கடைகள் மீட்டருக்கு மாறியதும் வாங்கிய புது டேப் அது. ஒரு பக்கம் இஞ்சு, மறுபக்கம் சென்டிமீட்டரும் தகட்டில் உள்ள அதே பொடிக்கோடுகளும். இஞ்சுப் பக்கம் நாலு நூலில் நகத்தை அழுத்திப் பிடித்து, அப்படியே திருப்பினாள். உதடு அசைய எண்ணினாள்.

"மாதாவே! பதிமூணு கோடு வருதுங்க. நாலு நூலும் பதிமூணு கோடும் ஒண்ணுதான்."

மரியான் குனிந்து பார்த்தான். தண்ணீர் சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறது. அவன் தொடாமலே இருந்திருந்தால் போதும்.

கூப்பிட்டார்கள். மேனேஜருக்குப் பக்கத்தில் இன்ஜினியர் அனந்தபத்மநாபன் உட்கார்ந்திருந்தார். சுடலைமாடன் ஓரமாக நின்றார். அவர் மரியானின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் நூலுன்னுதான் சொன்னேன், சார். அவன் சரியாக் கேக்கல," என்றார்.

"நூலே இல்லாத தகட்டுல நூலுன்னா எங்கன போய்த் தேடுவேன், அண்ணாச்சி?"

மெட்டில்டா டேப்பை மேசையில் விரித்துக் காட்டினாள். இன்ஜினியர் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

"கணக்கு சரிதாம்மா. பன்னிரண்டு புள்ளி ஏழு மில்லிமீட்டர். தகடு மாத்தறதுக்கு முன்னாடியே நான் போட்டுப் பாத்தாச்சு."

"தெரிஞ்சிருந்தும் ஏன் சார் இவுககிட்டச் சொல்லல?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேனேஜர்தான் பேசினார். "சந்தேகம்னா இன்ஜினியரை வந்து கேட்டிருக்கணும்."

"போர்மேன் இருக்கையில நேரா ஆபீசுக்கு வந்தா, அதுக்கும்தான சார் ஏசுவீங்க?" என்றான் மரியான்.

கவனக்குறைவு என்றார் மேனேஜர். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி மெட்டில்டா வாய் திறப்பதற்குள் மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சுடலைமாடன் அவர்களுக்கு முன்னாலேயே நழுவிவிட்டார்.

வாசலுக்குப் போகும் வழி பாய்லர் அறையை ஒட்டியது. மரியானின் கால் தானாக நின்றது. உள்ளே அவன் இடத்தில் புது ஆள் ஒருவன், தோளில் துண்டோடு. சுடலைமாடன் பிரஷ்ஷோடு குழாய் முன்னால் நின்றார். வெள்ளைத் தகட்டில் பதிமூன்றுக்கு நேரே, தீக்குச்சித் தடிமனில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்.

"நம்பர எல்லாம் பாக்காதலே," என்று புது ஆளின் காதருகே போய்க் கத்தினார். "தண்ணி இந்தக் கோட்டுல நிக்கணும். அம்புட்டுதான்."

திரும்பியவர் மரியானைப் பார்த்தார். பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"வாங்க போவோம்," என்று மெட்டில்டா அவன் தோளைத் தொட்டாள். கட்டுப்போட்ட கைகளைத் தூக்கிப் பிடித்தபடி மரியான் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். சிவப்புப் பெயின்ட் இன்னும் காயாமல் கீழே வடிந்து, நாலை மூடிக்கொண்டிருந்தது.