வேணுவின் வண்டியை ஓட்டுவது யார்?

திருமலைக்கு வேணுவின் மேல் சந்தேகம் தட்டியது ஒரு புதன்கிழமை. தண்ணி லாரி ஒன்று திரும்ப இடமில்லாமல் செங்கம் ரோட்டு டாக்ஸி ஸ்டாண்டின் முன் நின்று ஹாரனை அடித்துக்கொண்டிருந்தது. வழியில் நின்றது வேணுவின் வண்டி. வேணு டீக்கடைப் பக்கம் போயிருந்தான். சாவி வண்டியிலேயே தொங்கியது. நகர்த்தி விடுவோம் என்று திருமலை கதவைத் திறந்து உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் போய் இடித்தன.

வண்டியை நகர்த்திவிட்டு இறங்கியவன் அந்த சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். வேணு ஆறடி உயரம். திருமலை அவன் தோளுக்குத்தான் வருவான். தன் காலே அடங்காத இடத்தில் வேணு எப்படி உட்கார்ந்து ஓட்டுகிறான்?

வேறு யாரோ ஓட்டுகிறார்கள். குள்ளமான ஆள்.

அன்றிலிருந்து மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. முன்பெல்லாம் ஆறு மணிக்கே ஸ்டாண்டில் இருக்கும் வேணு இப்போது பதினொரு மணிக்குத்தான் வருகிறான். கேட்டால் கோயிலுக்குப் போனேன் என்கிறான், வயிறு சரியில்லை என்கிறான். அவன் முறை வந்தாலும் சவாரி எடுப்பதில்லை. "இடுப்பு வலிக்குதுடா, நீ போய்ட்டு வா" என்று அடுத்தவனுக்குத் தள்ளிவிடுகிறான். சென்னை ஏர்போர்ட் சவாரியை எந்த டிரைவராவது சும்மா விட்டுக்கொடுப்பானா? இரண்டு மாதத்தில் நாலு ஏர்போர்ட்டை விட்டுக்கொடுத்திருந்தான்.

காலையில் வண்டி ஆப்பில் ஓடுகிறது என்று திருமலை முடிவு கட்டினான். யாரையோ சம்பளத்துக்கு வைத்து ஓட்டுகிறான்.

ஆப் டாக்ஸி திருவண்ணாமலைக்கு வந்து ரொம்ப நாள் ஆகவில்லை. ஆனால் வந்த வேகத்தில் ஸ்டாண்டின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்குகிறவர்கள் போனை நீட்டி, "இதுல இவ்ளோதான் காட்டுது, நீங்க ஏன் ஜாஸ்தி கேக்கறீங்க?" என்று நிற்பார்கள். திருமலையும் வெளியூரில் ஆப் வண்டியைப் பார்த்தவன்தான். பெங்களூரில் மச்சினன் மகன் கல்யாணத்துக்குப் போனபோது மண்டபத்துக்குப் போக ஆப்பில் வண்டி போட்டார்கள். மூன்று டிரைவர்கள் வருகிறேன் என்று சொல்லி மூன்று பேரும் கேன்சல் செய்தார்கள். முகூர்த்தம் முடிந்த பிறகுதான் அவன் மண்டபத்துக்குள் நுழைந்தான். சென்னையில் ஒருத்தன் போன் செய்து எங்கே போகணும் என்று விசாரித்தான், கேட்டுவிட்டு வரவேயில்லை. வேலூரில் மட்டும் சொன்ன நிமிஷத்தில் சொன்ன வண்டி வந்து நின்றது. அதைத் திருமலை ஸ்டாண்டில் யாரிடமும் சொல்லவில்லை.

"ஆப்புல பைய வுட்டுட்டா யார்கிட்டப் போய் கேப்ப? நம்மகிட்ட வுட்டா ஸ்டாண்டுக்கு வந்து கேக்கலாம்" என்பார் செயலாளர் பரசுராமன். ஸ்டாண்டின் பதினாலு வண்டிக்காரர்களையும் வரிசையாக நிற்க வைத்து, கற்பூரம் ஏற்றி, ஒருத்தரும் ஆப்பில் சேருவதில்லை என்று சத்தியம் வாங்கினதும் அவர்தான். வேணுவும் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். திருமலை பக்கத்தில் நின்று பார்த்தான்.

வேணுவிடமே கேட்டிருக்கலாம். இருபது வருஷப் பழக்கம். ஆனால் சந்தேகம் உள்ளே நுழைந்த பிறகு கேட்கத் தோன்றவில்லை, பிடிக்கத்தான் தோன்றியது.

வீட்டுக்குப் போய் மகள் கீர்த்தனாவிடம் போனை நீட்டினான். "அந்த டாக்ஸி ஆப்ப இதுல ஏத்திக் குடு."

நர்ஸ் வேலைப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறவள் கீர்த்தனா. கேட்டதும் அவள் முகம் மாறியது. "உனக்கு எதுக்குப்பா அது? சத்தியம்லாம் பண்ணிட்டு வந்தியே."

"ஒரு ஆளப் புடிக்கணும். நம்ம வேணுவத்தான்."

"வேணு மாமாவா? அவர வுடுப்பா, பாவம்" என்றவள் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள். அடுப்பில் பால் இல்லை என்பது திருமலைக்குத் தெரியும்.

இவளுக்கும் என்னவோ தெரிந்திருக்கிறது. பெற்ற மகளையே சந்தேகப்பட வேண்டியிருக்கிறதே என்று அவனுக்கு நெஞ்சு கசந்தது. மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மொபைல் கடையில் ஆப்பை ஏற்றிக்கொண்டான்.

பரசுராமனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் தொடையைத் தட்டினார். "நீ வேங்கிக்கால்ல ஏறு. எறங்கற எடம் அத்தியந்தல்னு போடு. நாங்க மூணு பேரு அத்தியந்தல்ல நிப்போம். கதவத் தொறந்தா நாங்கதான்."

வேங்கிக்காலில் ஜூஸ் கடை ஓரமாக நின்று மூன்று நாள் காலையில் முயற்சி செய்தான். முதல் நாள் யாரோ முன்பின் தெரியாத ஒருத்தன் கிடைத்தான். இரண்டாம் நாள் யாருமே கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் எட்டரை மணிக்குப் போன் டிங் என்றது. வேணுவின் வண்டி நம்பர். நாலு நிமிஷத்தில் வருகிறதாம். போனில் தெரிந்த மேப்பில் வண்டி எறும்பு மாதிரி ஊர்ந்து வந்தது. திருமலை நம்பரை மூன்று தரம் படித்தான். அதற்குமேல் எழுதியிருந்த பெயரைப் பிறகுதான் பார்த்தான். கஸ்தூரி.

பெயர் அவன் மண்டையில் ஏறுவதற்குள் வண்டி வந்து நின்றது. பின்கதவைத் திறந்து உட்கார்ந்தான்.

"ஓடிபி சொல்லுங்க சார்" என்று திரும்பாமலே கேட்டாள் ஓட்டுகிறவள்.

அவள் கண்ணாடியில் பார்த்தாள். வேணுவின் மனைவி. சுடிதாரின் மேல் காக்கிச் சட்டை, மூக்கு நுனியில் வேர்வை.

"நீங்களாண்ணா" என்றாள் கஸ்தூரி. பிறகு, "ஓடிபி சொன்னாத்தான் வண்டி எடுக்க முடியும்" என்றாள்.

திருமலை நாலு எண்ணையும் சொன்னான். வண்டி கிளம்பியது. கிளட்சை விடுகிற பதத்திலேயே தெரிந்தது, இது பழகிய கை.

"எத்தினி நாளா நடக்குது இது?"

"ஏழு மாசம்."

"கற்பூரத்து மேல சத்தியம் பண்ணானே அவன்?"

"அவருதான பண்ணாரு. நான் பண்ணலியே. என்னை யாரும் கூப்பிடலியே." அவள் குரலில் கிண்டல் இல்லை. பெரிய லாரியை முந்திவிட்டு, இடது பக்கம் ஒதுங்கி, நிதானமாகச் சொன்னாள். "அவருக்கு வலது கண்ணு தெரியலண்ணா. சுகரு. டாக்டர் இனிமே ஓட்டக்கூடாதுன்னு சொல்ட்டாரு. அத வெளிய சொன்னா ஸ்டாண்டுல பேர எடுத்துடுவீங்கன்னு பயம். தெனம் ஸ்டாண்டுக்கு முன்னால பாஞ்சாலை கடை முக்கு வரைக்கும் நான் கொண்டாந்து எறங்கிப்பேன். அங்கருந்து ரெண்டு நிமிசம் அவரு உருட்டிக்கினு வருவாரு. சீட்டக்கூட நகத்த மாட்டாரு. வந்து உக்காந்துக்குவாரு, அவ்ளோதான்."

திருமலைக்கு வேணுவை நினைத்து இரக்கம் வரவில்லை. வேறொன்றுதான் நினைவுக்கு வந்தது. மூன்று மாதம் முன்னால் கீர்த்தனாவுக்கு வேலூரில் பரீட்சை. அவனுக்கு அன்று விடிகாலை ஏர்போர்ட் சவாரி. மகளை வேணுவை நம்பித்தான் அனுப்பினான்.

"ஒத்தக் கண்ண வெச்சிக்கினு என் பொண்ண வேலூர் வரைக்கும் ஓட்டிக்கினு போனானா அவன்?"

"அன்னிக்கும் நான்தான் ஓட்டுனேன். அவரு பக்கத்துல உக்காந்துக்கினு வந்தாரு. கீர்த்தனாவக் கேளுங்க. நான்தான் யார்கிட்டயும் சொல்லாதம்மான்னு கேட்டுக்கினேன்."

அடுப்பில் இல்லாத பால் எதற்கு என்று இப்போது புரிந்தது. நம்புவதா வேண்டாமா என்றுதான் புரியவில்லை. இவள் புருஷனைக் காப்பாற்றச் சொல்கிறாளோ? ஆனால் வண்டி போகும் விதம் பொய் சொல்லவில்லை. பெரிய கோபுரத்தை ஒட்டிய நெரிசலில் ஒரு தடவைகூட பிரேக் அதிரவில்லை.

"ஸ்டாண்டுல வந்து கேட்டிருக்கலாமே கஸ்தூரி."

"கேட்டா முறை குடுத்திருப்பீங்களா?"

கஸ்தூரி கியரை மாற்றினாள்.

"ஆப்புல நீ ஆம்பளையா பொம்பளையான்னு கேக்கலண்ணா. லைசென்ஸ் கேட்டாங்க, வண்டி பேப்பர் கேட்டாங்க, முடிஞ்சிது. பெங்களூர்லருந்து வர்ற பொண்ணுங்க ஏறினதும் போற வழிய போன்லயே வூட்டுக்கு அனுப்பிடுதுங்க. எங்க போறோம்னு அவங்கம்மாவுக்குத் தெரியுது."

"நம்ம வண்டில ஏறினா ஸ்டாண்டுல அத்தினி பேருக்கும் தெரியுமே."

"உங்களுக்குத் தெரியும். அவங்கம்மாவுக்குத் தெரியுமா?"

ஆசிரமம் தாண்டியது. ஸ்டாண்டும் தாண்டியது. வரிசையில் நின்ற இரண்டு டிரைவர்கள் வண்டியையே பார்த்தார்கள். அத்தியந்தலுக்கு இன்னும் ஐந்து நிமிஷம்கூட இல்லை. திருமலை முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிச் சொன்னான். "இங்கியே நிறுத்தும்மா. நான் எறங்கிக்கறேன்."

"ஏன்?"

"பரசுராமன் அங்க நிக்கறாரு. ரெண்டு பேரோட. நான்தான் சொன்னேன்."

கஸ்தூரி வண்டியை ஓரம் கட்டினாள். ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையும் அப்படியே இருந்தன. முதுகு மட்டும் ஒரு தடவை ஏறி இறங்கியது. அழுகிறாளோ என்று நினைத்தான். இல்லை.

"எத்தினி நாளைக்கிண்ணா முக்குல எறங்கி ஒளிஞ்சிக்கினு கெடக்கறது? போலாம்" என்று கியரைப் போட்டாள்.

அத்தியந்தல் நிறுத்தத்தில் பரசுராமன் புளியமரத்தடியிலிருந்து பாய்ந்து வந்து டிரைவர் பக்கக் கதவை இழுத்தார். இழுத்த கையோடு நின்றுவிட்டார். கஸ்தூரி இறங்கி வண்டியில் சாய்ந்து நின்று, கண்ணிலிருந்து ஆப் வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"கண்ணு தெரியாதவன் இத்தினி நாளா வரிசைல உக்காந்து எங்கள ஏமாத்தினானா?" என்று பரசுராமன் கத்தினார். "ஸ்டாண்டுலருந்து ரெண்டு பேரும் கெளம்புங்க!"

"நான் எப்ப உள்ள வந்தேன், கெளம்பறதுக்கு?" என்றாள் கஸ்தூரி.

திருமலை நடுவில் வந்து நின்றான். அவனுக்கே அது எதிர்பாராதது. "செயலாளரே, என் பொண்ண வேலூருக்குக் கூட்டிக்கினு போய்ப் பத்திரமா கொண்டாந்து விட்டது இவங்கதான். அத நான் ஸ்டாண்டுல சொல்வேன்."

"நீதான புடிச்சிக் குடுத்த?"

"ஆமா. நான்தான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டில் கூட்டம் போட்டார்கள். வேணு வரவில்லை. அவன் முறையைக் கஸ்தூரிக்குக் கொடுக்கலாமா என்று கை தூக்கச் சொன்னபோது நாலு கைதான் உயர்ந்தது. அதில் ஒன்று திருமலையுடையது. வேணுவின் பெயரை அடித்துவிட்டார்கள். கஸ்தூரி ஆப்பிலேயே ஓட்டட்டும், ஸ்டாண்டு எதிரில் மட்டும் ஆள் ஏற்றக்கூடாது என்று பரசுராமன் தீர்ப்புச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டில் கீர்த்தனா துணி மடித்துக்கொண்டிருந்தாள். திருமலை அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அவங்களோட அனுப்பியிருப்பியாப்பா?"

அவன் யோசித்தான். ஒரு பொம்பளை, வேலூர் ரோடு, போளூர் தாண்டி அத்தனை லாரி.

"மாட்டேன்" என்றான்.

கீர்த்தனா தலையை ஆட்டிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். "அன்னிக்கு வண்டில நல்லாத் தூங்கினேன்பா. உன் வண்டில போனாக்கூட அப்படித் தூங்க மாட்டேன்" என்றாள்.

வேணு கண்ணுக்கு லேசர் வைத்துக்கொண்டதாகவும், பார்வை கொஞ்சம்தான் தேறியதாகவும் கேள்வி. திருமலை கீழ்பென்னாத்தூர் ரோட்டில் இருக்கும் அவன் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனான். வேணு கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டான். கஸ்தூரிதான் காபி கொடுத்தாள், தன் போன் நம்பரும் கொடுத்தாள். வேணு இன்றுவரை அவனிடம் பேசவில்லை.

போன வாரம் கோயமுத்தூரிலிருந்து வந்த மூன்று அம்மாக்கள் ஸ்டாண்டில் வந்து நின்றார்கள். விடிகாலையில் பாண்டிச்சேரி போக வேண்டுமாம். டிரைவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பொம்பளை டிரைவர் யாராச்சும் இருக்காங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். அன்று முறை திருமலையுடையது.

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து கஸ்தூரி கொடுத்த நம்பரைத் தேடினான்.

"யாருக்குடா போன்?" என்று நாற்காலியில் இருந்தபடியே கேட்டார் பரசுராமன்.

"வண்டிக்குத்தான்" என்று சொல்லிவிட்டுத் திருமலை போனைக் காதில் வைத்தான்.