மஞ்சள் போடாத சூப்

மூளைக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் ஜெபாவின் கை காரியத்தை முடித்துவிட்டிருந்தது. கறியை அலசினால் அடுத்து மஞ்சள் தூள். இருபது வருஷப் பழக்கம். சட்டியில் அரைக் கிலோ பன்றிக்கறி பளிச்சென்று மஞ்சளாகச் சிரித்தது.

மணி பதினொன்று.

முதல்நாள் சீனாக்கார இன்ஜினியர் லியூ தன் போனில் பேசி, அது தமிழாக மாற்றிக் காட்டிய வரிகளை ஜெபா போட்டோ பிடித்து வைத்திருந்தாள். ‘பன்றிக்கறி சூப் தண்ணீர் போல் தெளிவாக இருக்கும். மசாலா வேண்டாம். மஞ்சள் வேண்டவே வேண்டாம். முதல் தண்ணீரை வருத்தமின்றிக் கொட்டவும்.’

மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டலில் சீன சூப் என்று மஞ்சளாக, காரமாக எதையோ கொடுத்தார்களாம்; அந்த மனிதர் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லையாம். அவர் தங்கியிருக்கும் மறைமலைநகர் கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரர் போன வாரம் நின்றுவிட்டார். அங்கே எட்டு பாத்ரூம்களை மூன்று வருஷமாகக் கழுவிக்கொண்டிருக்கும் ஜெபா, “நான் ஆக்குறேன் சார்” என்று கேட்டே விட்டாள். சூப்பர்வைசர் செல்வராஜ் மேலும் கீழும் பார்த்தார்.

“கிச்சன் சாவிய இப்ப தர முடியாது. நாளைக்கு மதியம் வூட்லேர்ந்து சூப் ஆக்கிக் கொண்டா. அந்தாளு குடிச்சிட்டாருன்னா கிச்சன் உனக்கு. இல்லன்னா திங்கக்கெழம மெட்ராஸ்லேர்ந்து ஒரு ஆளு வருது. அப்புறம் பிரஷ்ஷும் பக்கெட்டும்தான் உனக்கு.”

வீட்டிலிருந்து. அதில்தான் சிக்கல்.

பொத்தேரியில் இந்த மாடி போர்ஷனை வாடகைக்கு விட்ட அன்றே வீட்டுக்காரம்மா வேண்டா தெளிவாகச் சொல்லியிருந்தாள். “கோழி ஆக்கு, மீனு ஆக்கு, ஆடு ஆக்கு. அது மட்டும் ஆவாது.” எது என்று அவள் சொல்லவில்லை. ஜெபாவும் கேட்கவில்லை. ஆசை வந்தால் அப்பா ஏசுபாதம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வருவதாக மூன்று வருஷம் ஓடிவிட்டது. இன்று அங்கே போய் ஆக்கிவிட்டு வந்தால் பஸ்ஸைப் பிடிக்க முடியாது.

காலையில் கேட்டருகே பிடித்துக்கொண்டாள் வேண்டா. தொண்டையைச் சுற்றித் துண்டு.

“இன்னா பையி?”

“ஆட்டெலும்புக்கா. சூப்புக்கு.”

யோசிக்காமல் வந்த பொய். யோசித்திருந்தால் இதைவிட நல்லதாக ஒன்று கிடைத்திருக்கும்.

நல்லவேளை, அப்பாவுக்கென்று வாங்கிய இன்னொரு அரைக் கிலோ மிச்சம் இருந்தது. மஞ்சள் சட்டியை மூடி ஓரமாகத் தள்ளினாள். புதுக் கறியைப் பச்சைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டாள். சாம்பல் நிற நுரை பொங்கியது. முதல் தண்ணீரைக் கொட்டினாள், வருத்தமின்றித்தான். கறியைத் தேய்த்துக் கழுவி, வேறு பாத்திரத்தில் சுடுதண்ணீர், தட்டையாக நசுக்கிய இஞ்சி. குக்கர் கூடாது, கலங்கிவிடும். தீயைக் குறைத்து, பொறுமையாக, ஒரு மணி நேரம்.

அப்போதுதான் வாசனை கிளம்பியது.

மசாலா ஒரு போர்வை. உள்ளே எந்தக் கறி படுத்திருந்தாலும் தெருவுக்குத் தெரியாது. இந்த சூப்புக்குப் போர்வை இல்லை. கறி தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு ஜன்னல் வழியாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தினாள். புழுங்கியது. ஊதுவத்தி கொளுத்தினால் இன்னும் சந்தேகம். முள்ளங்கி, கேரட், கடைசியில் முட்டைக்கோஸ். துண்டுகள் விழ விழ ஆவியில் இனிப்பு ஏறியது. வெள்ளைக் கிண்ணத்தில் ஒரு கரண்டி ஊற்றிப் பார்த்தாள். கிண்ணத்தின் அடியில் வரைந்திருந்த நீலப்பூ துல்லியமாகத் தெரிந்தது.

மணி பன்னிரண்டரை. தெருமுனைக்கு ஷிப்ட் பஸ் வர இருபது நிமிஷம்.

“ஜெபா...” கீழேயிருந்து கட்டைக் குரல். “சூப்பு ஆச்சா? தொண்ட கட்டிகினு பேஜாரா கீது. டம்ளர் எடுத்துகினு வரேன்.”

ஜெபாவின் கையில் கரண்டி நின்றது. மூன்று வருஷத்தில் அவள் வீட்டிலிருந்து வேண்டா ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. இன்றைக்குத்தானா?

புருஷனுக்குப் போன் போட்டாள். ஜெரோம் கம்பெனி கேன்டீனில் இருந்தான். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான்.

“குடுத்துடு.”

“வெளயாடாதய்யா.”

“நம்ம கிறிஸ்மஸ் கேக்க அந்தம்மா மாட்டுக்கு வெச்சிச்சே, மறந்துட்டியா?”

“மறக்கல.”

“அப்புறம் இன்னா? ரெண்டு டம்ளரா ஊத்து. உண்மையச் சொல்லி வூட்டக் காலி பண்ணப் போறியா? பையன் சாமுக்கு ஸ்கூலு தொறந்து பத்து நாளு கூட ஆவல.”

படியில் செருப்புச் சத்தம். போனை வைத்தாள். பயம் ஒரு பக்கம் இருக்க, ஜெரோம் சொன்னதில் ஒரு ருசி இருந்ததையும் அவளால் மறுக்க முடியவில்லை. அந்தக் கேக்கை, மூடி கூடத் திறக்காமல், மாட்டின் முன் கவிழ்த்ததை இதே ஜன்னலிலிருந்துதான் பார்த்தாள். ஒரு டம்ளர். யாருக்குத் தெரியப்போகிறது? தனக்குத் தெரியும். நாளைக்கு இந்தப் பொம்பளை, “உன் சூப்புதான் தொண்டயத் தொறந்துச்சு” என்பாள். ஒவ்வொரு முறையும் பல்லைக் காட்ட வேண்டும்.

வேண்டா எவர்சில்வர் டம்ளரோடு உள்ளே வந்தாள். வாசலோடு நிற்பவள், இன்று அடுப்புவரை வந்துவிட்டாள். பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி இது, மஞ்ச கூட போடல? கை கழுவுன தண்ணியாட்டம் கீது.”

“சீனாக்காரங்க சூப்புக்கா. போடக்கூடாதாம்.”

“இஞ்சி வாசன நல்லா வருது. ஊத்து, சூடா உள்ள போனா சரியாப்பூடும்.”

டம்ளரை நீட்டினாள். ஜெபா கரண்டியை முக்கினாள். தூக்கினாள். டம்ளரின் விளிம்புவரை போன கரண்டி அங்கேயே நின்றது.

“அக்கா... ஆடு இல்ல.”

வேண்டா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாக, ஆமாம் என்று சொல்லிவிடேன் என்பதுபோல் கேட்டாள்:

“கோழியா?”

தப்பிக்க ஒரு கதவு. வேண்டாவே திறந்து வைத்த கதவு.

“இல்லக்கா. காலைல பொய் சொன்னேன். இந்த சூப்ப அந்தாளு குடிச்சாத்தான் எனக்கு கிச்சன் வேல. வேற எடம் இல்ல ஆக்குறதுக்கு.”

கரண்டி பாத்திரத்துக்குள் திரும்பிப் போனது. வேண்டா ஓரத்திலிருந்த மஞ்சள் சட்டியின் மூடியைப் பார்த்தாள். தொண்டைத் துண்டை இறுக்கிக்கொண்டாள்.

“எத்தினி மணிக்குப் பஸ்ஸு?”

“அம்பதுக்கு.”

“நாப்பத்தஞ்சி ஆவுது. போ. வந்தப்புறம் பேசிக்கலாம்.”

ஜெபா ஃப்ளாஸ்க்கில் சூப்பை ஊற்றினாள். வெங்காயத்தாளைத் தூவி, மூடியைத் திருகி, மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். வேண்டா பின்னாலேயே இறங்குவாள் என்று நினைத்தாள். காலடிச் சத்தமே இல்லை.

பஸ் அவளுக்காகப் பத்து வினாடி உறுமிக்கொண்டு நின்றது. ஏறி, ஜன்னலோர சீட்டில் விழுந்து, மாடியைத் திரும்பிப் பார்த்தாள். வாசனை தெருவுக்குப் போகாதிருக்க அவள் சாத்தி வைத்துவிட்டு வந்த சமையலறை ஜன்னல் விரியத் திறந்திருந்தது. அதன் திண்டில் எவர்சில்வர் டம்ளர் வெயிலில் பளபளத்தது. உள்ளே, அடுப்பருகே, வேண்டாவின் முதுகு மட்டும் தெரிந்தது. மடியில் ஃப்ளாஸ்க் சுட்டுக்கொண்டிருந்தது.