பன்னிரண்டு விளக்குமாறுகள்

மலேசியாவில் பண்டார் தெங்காராவுக்கு உள்ளே, செம்பனை மரங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு தோட்டத்தில் பன்னிரண்டு வீடுகளுக்குத் தூசி எடுக்கப் போனேன். பன்னிரண்டிலும் தூசி இல்லை.

என் தப்புதான். முதல் நாளே வாட்ஸ்அப்பில், "நாளைக்கு யுனிவர்சிட்டிலேர்ந்து வர்றோம்" என்று சொல்லிவிட்டேன். ஆள் வருகிறது என்றால் நம் பெண்கள் சும்மா இருப்பார்களா? கட்டிலை நகர்த்தி அடியில் துடைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் காற்றாடி இறக்கைகூடப் பளபளத்தது. தூசி உறிஞ்சும் கருவியைக் கால்மணி நேரம் உருட்டினேன். உள்ளே இருந்த வெள்ளை வடிகட்டி வெள்ளையாகவே வெளியே வந்தது.

பிள்ளைகள் படுக்கிற அறையின் தூசியில் பூச்சிமருந்து இருக்கிறதா, அந்தப் பிள்ளைகளுக்கு எத்தனை நாள் மூச்சு இழுக்கிறது, இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. அரை கிராம் தூசியாவது இல்லாமல் ஆய்வுக்கூடம் வாங்காது.

என் மேலதிகாரி டாக்டர் சமீரா கணினியைப் பார்த்தபடியே சொன்னார். "இன்னொரு தடவை போங்க ரூபினி. அப்பவும் இல்லன்னா பன்னிரண்டு வீட்டையும் ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடறேன். காலி வடிகட்டிய வச்சு நான் என்ன எழுத?"

"எடுத்துட்டா மிச்சம் பூரா டவுன் வீடு, டாக்டர். மருந்து அடிக்கிற எடத்தையே விட்டுட்டு என்ன ஆராய்ச்சி?"

"அதான் போங்கன்னு சொல்றேன்."

ஜொகூர் பாருவிலிருந்து கோபத்தோடு ஓட்டினால் கூலாய் தாண்டினதே தெரியாது. நேரே கத்தரின் அக்கா வீட்டில் போய் நின்றேன். தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை அவருக்கு. மகள் ஆட்ரிக்கு ஏழு வயது. போன மாதம் மட்டும் ஒன்பது நாள் மூச்சு இழுத்ததாக, நாங்கள் கொடுத்த குறிப்பேட்டில் அக்காவே எழுதியிருந்தார்.

"வா வா. இப்பதான் மாப் போட்டேன், வழுக்கும், பாத்து."

"அக்கா, ஏழு நாளைக்குக் கூட்டாதீங்க. எனக்கு உங்க வீட்டுத் தூசி வேணும்."

"என் வீட்ல தூசி கெடையாது. பக்கத்து வீட்டு யோகேஸ்வரிகிட்ட கேளு, வேண்டிய மட்டும் கெடைக்கும்."

"அன்னிக்கே கேட்டேன். அவங்க உங்க வீட்டைக் காட்டுறாங்க."

அக்கா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "யுனிவர்சிட்டி போயி படிச்சது ஊரார் வீட்டுக் குப்பையப் பொறுக்கவா லா? உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவங்களும் இதையேதான் கேட்டாங்க."

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். "தூசி இல்லன்னா உங்க வீடு ஆராய்ச்சியில இல்ல. ஆட்ரிக்கு இழுத்த ஒம்போது நாளையும் சேத்து எடுத்துடுவாங்க. நாளைக்கு மருந்தாலயான்னு நீங்க கேட்டா, பதில் சொல்ல யார் கையிலயும் எதுவும் இருக்காது."

அக்கா மாப்பைச் சுவரில் சாய்த்தார். "நானா கூட்டாம இருந்தா சோம்பேறின்னு பேரு. மேலேர்ந்து கடிதம் வந்துச்சுன்னா அது வேற."

மறுநாள் மலாயில் பன்னிரண்டு வீட்டுக்கும் கடிதம் அடித்தேன்: இந்த வீட்டில் ஏழு நாள் கூட்டக் கூடாது. யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று டாக்டர் சமீரா 'தயவுசெய்து' சேர்த்தார்.

"தயவுசெய்துன்னு போட்டா கூட்டிடுவாங்க டாக்டர்."

யோசித்தார். இழுப்பறையிலிருந்து முத்திரையை எடுத்து ஒவ்வொரு கடிதத்திலும் வலது மூலையில் ஒன்று, இடது மூலையில் ஒன்று குத்தினார். "இப்ப?"

"இப்ப கூட்டமாட்டாங்க."

கத்தரின் அக்கா கடிதத்தைப் படிக்கவே இல்லை, முத்திரையைத்தான் பார்த்தார். வாசல் கதவில், போகிறவர் வருகிறவர் கண்ணில் படுகிற உயரத்தில் ஒட்டினார். பிறகு உள்ளே போய் விளக்குமாற்றை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "இதையும் கொண்டுபோயிடு. வீட்ல இருந்தா என் கை சும்மா இருக்காது."

மற்ற வீடுகளில் எப்படிக் கெஞ்சுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே யோகேஸ்வரி வந்துவிட்டார். "அவளுக்கு மட்டும் ரெண்டு சாப்பு குத்துன கடிதமா? நாங்க என்ன கொறைச்சல்?"

பன்னிரண்டு கதவிலும் கடிதம் ஏறிவிட்டது. அன்று மாலை என் மைவி கார் பன்னிரண்டு விளக்குமாறுகளோடு திரும்பியது. பெட்ரோல் நிலையத்தில் ஒருவர் விலை கேட்டார்.

நாலாம் நாள் அக்கா குரல் பதிவு அனுப்பினார். "கட்டிலுக்கு அடியில பாக்க முடியல. நீ நல்லா இருப்பியா?"

எட்டாம் நாள் மற்ற பதினொரு வீடுகளையும் முடித்துவிட்டுக் கடைசியாக அக்கா வீட்டுக்கு வந்தேன். ஆட்ரி படுக்கிற இடத்தில் கருவியை உருட்டினேன். வடிகட்டி சாம்பல் நிறமாக வந்தது. ஒன்றே கால் கிராம். போத்தலில் போட்டு மூடியதை அக்கா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுலயா அவ படுத்திருந்தா?"

"நீங்க தெனம் கூட்டினாலும் தெனம் வருது. அதுல என்ன இருக்குன்னு பாக்கத்தான்."

"எப்ப தெரியும்?"

"மூணு மாசம் ஆகும். ஆனா ஆட்ரிய யாரும் எடுக்க முடியாது. பன்னிரண்டு வீடும் உள்ள இருக்கு."

அக்கா தலையாட்டினார். போத்தலைத் திருப்பிக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தினார். "யோகேஸ்வரிக்கு எவ்வளவு வந்துச்சு?"

"சொல்லக் கூடாதுக்கா."

"எடை வேணாம். என்னைவிடக் கூடவா, அத மட்டும்."

"டாக்டர் என்னை வேலையவிட்டுத் தூக்கிடுவாங்க."

எல்லா வீடும் முடியட்டும் என்று விளக்குமாறுகளைக் காரிலேயே வைத்திருந்தேன். ஒன்றை உருவிக் கொடுத்தேன். அக்கா வாங்கி நுனியைத் தடவினார்.

"இது என்னுது இல்ல. யோகேஸ்வரியோடது." திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு வருசமா வச்சிருக்கா, நுனி தேயவே இல்ல பாரு. நீ ஒண்ணும் சொல்ல வேணாம், எனக்குத் தெரிஞ்சிருச்சு."

சொல்லிவிட்டு அதாலேயே கூட்ட ஆரம்பித்தார்.