தாடியும் புகை அறையும்

அவள் சுரங்க ஆய்வாளர் ஆனதில் வீட்டில் எல்லோருக்கும் பெருமை. கொழுந்தனுக்கும் பெருமைதான், ஆனால் கூடவே கொஞ்சம் சங்கடமும். அவர் போர்மேனாக இருந்த சுரங்கமும் அவளுடைய பொறுப்பில் வந்துவிட்டது.

வயதில் அவர் அவளைவிடப் பெரியவர், உறவில் சின்னவர். அவர் "அண்ணி" என்பார், அவள் "தம்பி" என்பாள். இருவருக்கும் "நீங்க"தான். சுரங்கத்திலோ அவர் எல்லோருக்கும் தாடிக்காரர். நெஞ்சுவரை இறங்கிய அந்தத் தாடியை வைத்துத்தான் இருட்டிலும் ஆட்கள் அவரை அடையாளம் கண்டார்கள்.

அதுவரை சுரங்கத்தை நடத்துகிறவர்களும் சோதிக்கிறவர்களும் ஒரே துறையில் இருந்தார்கள். சோதனைக்கு வருகிறவர் மேனேஜர் அறையில் டீ குடித்துவிட்டு, "கீழ எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். புதுச் சட்டம் இரண்டையும் பிரித்தது. மீட்புப் பயிற்சியில் தேறாத போர்மேன் ஆட்களோடு கீழே இறங்கக் கூடாது என்றும் சொன்னது.

சுரங்க வாசலுக்குப் பக்கத்திலிருந்த பழைய சிமெண்டுக் கிடங்கு பயிற்சிப் பள்ளியானது. ஜன்னல்களை அடைத்து, உள்ளே சுரங்கப்பாதை போலவே குனிந்து போகும் வழிகளைக் கட்டினார்கள். அதில் புகையை நிரப்புவார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் கண்ணும் தொண்டையும் எரியும். முகமூடி போட்டுக்கொண்டு, அடிபட்டவராகப் படுத்திருப்பவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கி மறுபக்கம் வர வேண்டும்.

முதல் நாளே பயிற்சியாளர் தாடிக்காரரின் முகமூடியை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "ரப்பர் கன்னத்துல ஒட்டணும் சார். தாடி மேல எப்படி ஒட்டும்?"

"அப்ப பெரிய முகமூடியா வாங்குங்க" என்றார் தாடிக்காரர்.

விஷயம் அவளிடம் வந்தது. அதற்கு முன்பே மேனேஜரின் போனும் வந்துவிட்டது. "அனுபவசாலி மேடம். அவர் ஒருத்தருக்கு மட்டும் கண்டுக்காம விட்டுடுங்களேன். உங்க வீட்டு ஆளுதானே?"

"வீட்டு ஆளுங்கிறதாலதான் சார் நல்லாக் கண்டுக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

சாயங்காலம் சமையலறையில் ஓரகத்தி காய் நறுக்கிக்கொண்டே, "அக்கா, என்னைக் கேட்டாக்கூடக் குடுத்துடுவாரு. தாடியக் குடுக்க மாட்டாரு" என்று சிரித்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த தாடிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

"இத்தன வருஷமா இந்தத் தாடியோடதானே இறங்குறேன், அண்ணி? ஏதாவது ஆச்சா?"

"ஆகல தம்பி. ஆனா ஒண்ணு ஆச்சுன்னா எல்லாரையும் அனுப்பிட்டு போர்மேன்தான் கடைசியா வரணும். காத்து உள்ள வர்ற முகமூடியோட உங்கள அங்க எப்படி நிக்கச் சொல்றது?"

அவர் தாடியைத் தடவியபடி யோசித்தார். "புகை அறைக்குள்ள ஒரு தடவ போய்ப் பாக்கறேன். தாங்கிட்டேன்னா விட்டுடுவீங்களா?"

"தாங்கறது கணக்கில்ல. துளி புகைகூட உள்ள வரக் கூடாது. போய்ப் பாருங்க."

மறுநாள் காலையில் மற்ற போர்மேன்களும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்தவர் தாடிக்காரரோடு பல வருஷம் வேலை பார்த்த, பாறைக்கு வெடி வைக்கிற வெடிக்காரர். அவர் முகத்தில் முகமூடி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. முன்பக்கம் வேறொருவர் தூக்க, பின்பக்கம் தாடிக்காரர் பிடித்தார். கதவு மூடியது. அவள் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் திருப்பத்தைக் கடந்தார்கள். இரண்டாவது திருப்பத்தில் தாடிக்காரருக்கு இருமல் வந்தது. ஒரு கையால் முகமூடியை அழுத்திப் பிடித்தார். இருமல் நிற்கவில்லை. அடுத்த கையும் தானாக மேலே போனது. ஸ்ட்ரெச்சரின் பின்பக்கம் தொப்பென்று தரையில் விழ, தாடிக்காரர் சுவரைத் தடவிக்கொண்டு வந்த வழியே வெளியே ஓடிவந்தார்.

பின்னாலேயே வெடிக்காரர் இடுப்பைத் தேய்த்தபடி வந்து முகமூடியைக் கழற்றினார். "என்ன அண்ணே, என்னை அம்போன்னு விட்டுட்டு ஓடிட்டீங்க?"

எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். தாடிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணில் நீர் வழிய வெடிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடி பட்டுச்சாப்பா?" என்று கேட்டார். இல்லை என்று அவர் சொன்ன பிறகும் குனிந்து முதுகைத் தொட்டுப் பார்த்தார். அவள் பக்கம் திரும்பாமலே கிளம்பிப் போனார்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. அத்தனை பேர் முன்னால் அப்படி ஆகியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அன்று வேலை முடிந்து சோர்வாக வீட்டுக்குள் நுழைந்தபோது, கூடத்தில் யாரோ ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். ஒட்டிய கன்னம், வெயிலே படாத வெளுத்த தாடை. மோவாயில் சின்னக் குழி.

"நான்தான் அண்ணி" என்றார் அந்த ஆள்.

ஓரகத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். "பாருங்கக்கா, கட்டிக்கிட்டு இத்தன காலம் கழிச்சு இன்னிக்குத்தான் மாப்பிள்ளை முகத்தையே பாக்கறேன். குழியெல்லாம் இருக்கு!"

"நல்லா இருக்கா, இல்லியா? அதச் சொல்லு" என்றார் அவர்.

"மோசமில்ல" என்றாள் ஓரகத்தி. முகம் சிவந்துவிட்டது.

அந்த வாரமே அவர் புகை அறையில் தேறினார். இந்தத் தடவையும் ஸ்ட்ரெச்சரில் வெடிக்காரர்தான் படுத்தார். வேறு யாரையும் அவரே படுக்கவிடவில்லை. சான்றிதழை நீட்டும்போது அவள் கை குலுக்கினாள். வீட்டில் ஒருநாளும் செய்யாத காரியம். இருவருக்கும் கூச்சமாக இருந்தது.

மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு காலை அவள் அலுவலக போன் அடித்தது. "மேற்குப் பாதையில வெளிக்காத்தை உள்ள இழுக்கிற காத்தாடி சரியா ஓடல. எல்லாரையும் மேல கூட்டிட்டு வந்துட்டேன்" என்றார் கொழுந்தன். ஆபத்தென்று பட்டால் வேலையை நிறுத்தப் புதுச் சட்டம் போர்மேனுக்கு உரிமை தந்திருந்தது. அதை அந்தச் சுரங்கத்தில் முதன்முதலாகப் பயன்படுத்தியவர் அவர்தான்.

"மேனேஜர் என்ன சொன்னார்?"

"குதிக்கிறார். நீங்க வந்து அளந்து பாத்துட்டுச் சொல்லுங்க. தப்புன்னா என்னையும் திட்டுங்க."

அவள் போய் இறங்கி அளந்தாள். காற்று போதவில்லைதான். காத்தாடியின் பெல்ட் தேய்ந்து போயிருந்தது. மேனேஜர் முனகிக்கொண்டே புது பெல்ட்டுக்கு ஆள் அனுப்பினார். அதுவரை ஆட்கள் சுரங்க வாசலில் இளவெயிலில் உட்கார்ந்து அரட்டை அடித்தார்கள். கொழுந்தன் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதியை மூடியில் போட்டு அவளிடம் நீட்டினார். நல்ல பசி. அவள் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அவர்களோடு தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.