க்ளட்ச் வைத்த வண்டிதான் வேண்டும் என்றாள்

1

இந்தக் கதை எனக்கு ஓர் உதிரிபாகக் கடையின் வரிசையில் கிடைத்தது. எண்ணெய் வடிகட்டி வாங்கப் போயிருந்தேன். முன்னால் நின்ற அக்காவும் தம்பியும் ஒரு கியர்பாக்ஸுக்காக அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். எனக்குப் பொறுமை போயிற்று, கதை வந்தது. இந்த அயோவா ஊருக்கு வந்து பதினேழு வருடமாகிறது. ஞாயிறு மதியம் மண் தடத்தில் நடக்கும் கார் பந்தயத்துக்குப் போகாதவனை இங்கே ஆளாகவே மதிக்கமாட்டார்கள். ஆகவே நடந்ததில் பாதியை நேரில் பார்த்தேன், மீதியை இட்டுக்கட்டினேன். எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்: 'காருக்கு எஞ்சின் இதயம் என்றால், கியர்பாக்ஸ் அதன்…'

(அடித்துவிட்டேன். இதயத்தை விட்டால் எழுதுகிறவனுக்கு வேறு உறுப்பே கிடைக்காதா?)

இரண்டாம் தொடக்கம்: லவோன் க்ரெய்ச்சிக்கு இடது முட்டி போய்விட்டது. அது யாருக்கும் தெரியாது.

இது பரவாயில்லை, உறுப்பும் மாறிவிட்டது. இதையே வைத்துக்கொள்வோம்.

லவோனுக்கு நாற்பத்தாறு வயது. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள், ஞாயிறு பந்தயக் கார். பிப்ரவரியில் பேருந்துப் படியில் பனிக்கட்டி வழுக்கி விழுந்தாள். தம்பி வெண்டலிடம் ஆறிவிட்டது என்று சொல்லிவிட்டாள். பந்தய வண்டியைக் கட்டுகிறவன் அவன். உண்மை தெரிந்தால் ஓட்டுகிற இருக்கையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான் என்று பயந்தாள். அவனை எனக்கும் தெரியும், கொடுத்துவிடுவான்தான்.

3

கொஞ்சம் கட்டுரை. (அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் பின்னால் வந்து புரியவில்லை என்று சொல்லக்கூடாது.)

மண் தடத்தில் கியர் மாற்றுகிற வேலையே கிடையாது. கொட்டகையிலிருந்து தடத்துக்கு வர முதல் கியர் போதும். பிறகு பந்தயம் முழுக்க டாப் கியர்தான். அப்புறம் எதற்கு இத்தனை சண்டை? வண்டி சுழலும்போது தெரியும். க்ளட்ச் வைத்த கியர் பெட்டி என்றால் அந்த நொடியே இடது காலால் க்ளட்சை மிதித்தாக வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் அணைந்து வண்டி குறுக்கே நின்றுவிடும். ஆட்டோமேட்டிக் கொஞ்சம் கனம், ஆனால் இடது காலுக்கு விடுமுறை.

வெண்டல் ஆட்டோமேட்டிக் கேட்டான். லவோன் முடியாது என்றாள். காரணம் டெல்மர் பொஸ்பிசில் என்ற போட்டிக்காரன். அவன் வண்டியில் இருப்பது ஆட்டோமேட்டிக். இரண்டு வருடமாக அதை மளிகைக்குப் போகிற வண்டி என்று ஊர் முன்னால் கிண்டல் செய்து வந்தவள் அவள்.

"வாரம் பூரா ஆட்டோமேட்டிக் பஸ்ஸத்தான ஓட்டுற?" என்றான் வெண்டல்.

"அதனாலதான்டா ஞாயித்துக்கிழமையாவது கார் ஓட்டணும்."

"முட்டி?"

"முட்டிக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு."

கடைக்காரர் க்ளட்ச் பெட்டியை எடுத்து வைத்தார்.*

* வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் கைதட்டினார். சண்டை முடிந்த சந்தோஷம்.

4

பருவத்தின் கடைசிப் பந்தயம். லவோனும் டெல்மரும் சமப் புள்ளி. முன்னால் வருகிறவருக்குக் கோப்பை. பதினோராம் சுற்றில் லவோன் முதலிடம், பின்னாலேயே டெல்மர். நான்காம் வளைவின் ஈரத்தில் அவள் வண்டி சுழன்றது. இடது கால் க்ளட்ச் மிதியைத் தொட்டது, முட்டி மடங்கிக்கொண்டது. எஞ்சின் அணைந்தது. குறுக்கே நின்ற வண்டியை டெல்மர் வண்டியின் மூக்கு லேசாக உரசியது.

மஞ்சள் கொடி, எல்லோரும் மெதுவாக ஊரவேண்டும். புழுதியில் சுழன்றது முன்னா, உரசியது முன்னா என்று யாருக்கும் தெரியவில்லை. இங்கே ஒரு வழக்கம் உண்டு. குழப்பத்துக்குத் தான்தான் காரணம் என்றால் ஓட்டுகிறவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கூரையைத் தட்டுவார். தட்டியவர் கடைசிக்குப் போவார், மற்றவருக்கு இடம் திரும்பக் கிடைக்கும். விசாரணை கிடையாது.

லவோன் யோசித்துக்கொண்டிருந்தாள். டெல்மர் தட்டிவிட்டான்.

தான் இடித்ததால்தான் அவள் சுழன்றாள் என்று அவன் உண்மையாகவே நம்பினான். அவளைக் கடந்து கடைசிக்குப் போகும்போது வேகத்தைக் குறைத்து, "மன்னிச்சிரு லவோன், கண்ணு தெரியல" என்று கத்திவிட்டுப் போனான்.

(இவனை எனக்குச் சந்தேகம். இவ்வளவு நல்லவன் கதையில் நிற்கமாட்டான். கொஞ்சம் கெட்டவனாக்கிப் பார்த்தேன், லவோனுக்கு ரொம்ப வசதியாகிவிட்டது. மறுபடி நல்லவனாக்கினேன்.)

5

முடிவு அ: அவள் தட்டுகிறாள். எழுதிப் பார்த்தேன், ஞாயிறு பள்ளிப் பாடம் மாதிரி வந்தது.

முடிவு ஆ: தட்டவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு, அதைத் தூக்கிக்கொண்டு நொண்டாமல் நடக்க…

(முடிக்கவில்லை. எனக்கே கூச்சமாக இருந்தது.)

முடிவு இ: எஞ்சின் கிளம்பவில்லை. இது கோழையின் முடிவு. வெண்டல் கட்டிய எஞ்சின் கிளம்பாமல் இருக்காது.

கிளம்பிவிட்டது. பந்தயம் மறுபடி தொடங்கும் பச்சைக் கொடிக்கு அரைச் சுற்று இருக்கிறது. அவள் முதலிடத்தில் ஊர்ந்துகொண்டிருக்கிறாள். கூரையைத் தட்டினால் கோப்பை போகும். அது பெரிதில்லை. ட்ரெய்லர் மேலே நிற்கும் வெண்டல் ஏன் என்று கேட்பான். பதில் சொன்னால் அந்த இருக்கை போகும். அவளுக்கு வேறு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள்தான் சொல்லவேண்டும். தட்டு என்று சொல்வது எளிது, பெரும்பாலோர் அப்படித்தான் சொல்வீர்கள். ஒன்று செய்யுங்கள். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறீர்களே, அதை முதலில் சொல்லிவிட்டு வாருங்கள். அதுவரை அவளை மெதுவாகவே ஓட்டச் சொல்கிறேன்.