பட்டம் போடாத முகவரி

கஸ்தூரிரங்கனுக்கு எதையும் மொட்டையாகச் சொன்னால் ஆகாது. மகள் ரமாவின் கல்யாணப் பத்திரிகையில் யாரோ ஒரு சித்தப்பாவுக்கு 'ஸ்ரீமான்' விட்டுப்போயிற்று என்று தாம்பரம் அச்சகத்தில் அத்தனையையும் திருப்பி அடிக்க வைத்த மனுஷர். அப்பேர்ப்பட்டவர் தலையில்தான் அந்த இணையதள முகவரியைச் சொல்லும் வேலை வந்து விழுந்தது.

மூத்தவன் தோத்தாத்ரிக்குக் கப்பலில் வேலை. தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. ஹோமத்தில் தங்கையின் கையில் பொரி இட வேண்டியவன் அண்ணன். அவனோ எங்கோ நடுக்கடலில். இதை நினைத்து நினைத்துக் கஸ்தூரிரங்கனுக்குச் சோறு இறங்கவில்லை. வீடியோக்காரர் பரணிதான், இரண்டாயிரத்து எட்டிலே இதெல்லாம் ஒரு விஷயமா என்று, கல்யாணத்தை இணையத்தில் நேரடியாகக் காட்ட ஏற்பாடு செய்தார். கப்பலில் இருப்பவனுக்கு எப்படித் தகவல் சொல்வது என்பதுதான் பாக்கி.

முகூர்த்தத்தன்று காலை, சேலையூர் மண்டபத்தில் நாதஸ்வரம் காதைப் பிளக்கும்போது அவனே போன் பண்ணினான். கப்பல் ஏதோ துறைமுகத்தில் நிற்கிறதாம். மாலுமிகள் கிளப்பில் கம்ப்யூட்டர் இருக்கிறதாம். போன் கார்டில் காசு தீரப்போகிறது, சீக்கிரம் முகவரியைச் சொல்லுங்கள் என்றான்.

கஸ்தூரிரங்கன் இடுப்பிலிருந்து சீட்டை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எச், டி, டி, பி என்று ஆரம்பித்தார். புள்ளிகளைச் சொன்னார், சாய்வுக்கோடுகளைச் சொன்னார், மூன்று டபிள்யூவையும் சாங்கோபாங்கமாகச் சொன்னார். பெயருக்கு வருவதற்குள் லைன் செத்துப்போயிற்று.

கொஞ்ச நேரத்தில் சிநேகிதன் கார்டில் மறுபடி கூப்பிட்டான். "ஒரே இரைச்சல்ப்பா, நீங்க சொன்னது எதுவுமே காதுல விழலை. இதுவும் கட்டாயிடும்."

பதற்றத்தில் அவர் சீட்டைப் பார்க்கவே இல்லை. "ரமா வெட்ஸ் ஸ்ரீதர், டாட் காம்" என்று மட்டும் கத்தினார். கட்.

போச்சு, எல்லாம் போச்சு. தலை இல்லாத முகவரியை வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்வான்? வாழ்நாள் பூராவும் முன்னால் போட வேண்டியதை ஒழுங்காகப் போட்டுவிட்டு, இன்றைக்குப் பார்த்துக் கோட்டை விட்டோமே என்று அவருக்கு அழுகை முட்டியது.

ஹோமம் வந்தது. சித்தப்பா மகன் பொரி இட்டான். ரமாவின் விரலிடுக்கில் அது சிந்தியது. அந்நேரம் லேப்டாப் பக்கத்திலிருந்து பரணி அவசரமாகக் கை காட்டினார். திரையின் ஓரத்தில் எழுத்துகள் வந்து விழுந்துகொண்டிருந்தன.

"உங்க பையன்தான் சார். முன்னாடி ஒண்ணுமே போடலையாம். பேரை மட்டும் அடிச்சாராம், தொறந்துக்கிச்சாம்."

கஸ்தூரிரங்கனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெருமாளைக்கூட அடைமொழி இல்லாமல் அவர் கூப்பிட்டதில்லை. வெறும் பேர் கடல் தாண்டிப் போய்ப் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டதே! அடுத்த வரியைப் பரணி படித்துச் சொன்னதும் மணமேடைக்கு ஓடினார்.

"ரமா, பொரி சிந்தறதாம். கையை நன்னா சேத்துப் பிடிச்சுக்கோ."

"யாருப்பா சொன்னா?"

"தோத்து."

ரமா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் இறுகச் சேர்த்துக் குவித்து, கேமராவை நோக்கி நீட்டினாள்.